ஓவர் சொன்ன பிறகு

தையல்காரி ரேடியோ உரிமப் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்றதும் தெருவே சிரித்தது. எதிர்க்கடை ரேடியோ மெக்கானிக்கும் விடவில்லை.

"ஊசியில நூல் கோக்கறவங்களுக்கு ஆன்டெனா எதுக்குக்கா?"

"உன்னைக் கட்டித் தொங்கவிடத்தான். பாடத்தைச் சொல்லுடா."

அவளுக்கு வேறு வழியில்லை. அம்மா இறந்தபோது தீவில் இருந்த அண்ணனால் வர முடியவில்லை. புயலில் படகு ஓடவில்லை. அது தெரிந்தும் போனில் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள். அதோடு அவர் அவள் போனை எடுப்பதே இல்லை. ஆனால் வானிலை நிலையத்தில் வேலை முடிந்து மாலையில் ரேடியோ முன் உட்கார்ந்தால், யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லிவிடுவார். கூப்பிட்டவரைக் கேட்டும் கேளாததுபோல் இருப்பது ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு ரேடியோக்காரர்களுக்கு அழகில்லை என்பது அவர் கட்சி. அந்தச் சந்து வழியாகத்தான் இவள் உள்ளே நுழையப் பார்த்தாள்.

உரிமம் வந்தது. மெக்கானிக் செட்டைப் பொருத்திக் கொடுத்தான்.

"மைக்குல இருக்கற பட்டனை அழுத்திப் பேசுங்க. பேசி முடிச்சதும் 'ஓவர்'னு சொல்லிட்டு விட்டுடணும். அழுத்தியே இருந்தா அவர் பேசறது உங்களுக்குக் கேக்காது. நான் கடையில கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அண்ணனின் ரேடியோ அடையாளக் குறியான கால் சைனையும் தன்னுடையதையும் தப்பில்லாமல் சொன்னாள்.

"அண்ணே, நான்தான். இன்னும் கோவமா? ஓவர்."

பதில் இல்லை. மைக்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள். கணவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, பேசினாரா?"

"எங்க பேசறது? பெத்தவ முகத்தைப் பாக்கவே வராத மனுஷன், என்கிட்டயா வாயைத் திறப்பாரு? நெஞ்சுல ஈரமே இல்லாத கல்லு. இப்படி ஒரு அண்ணன் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன!"

"மெதுவா பேசேன்."

"ஏன் மெதுவா? அவருக்கா கேக்கப் போகுது?"

மெக்கானிக் செருப்புகூடப் போடாமல் தெருவைத் தாண்டி ஓடிவந்தான்.

"அக்கா, கையை எடுங்க! ஓவர் சொன்னீங்களே தவிர பட்டனை விடவே இல்ல. நீங்க பேசினது அத்தனையும் அங்க போயிருக்கு!"

விரல் தானாக நழுவியது. இரைச்சல் பொங்கி வந்தது. அதற்குள்ளிருந்து ஒரு குரல், அண்ணனுடையது இல்லை.

"அம்மா, நான் அவர்கூட வேலை பாக்கறவன். அவர் எழுந்து போயிட்டாரு. ஓவர்."

"எங்க போனாரு? ஓவர்."

"வெளிய படியில உக்காந்திருக்காரு. கதவு திறந்துதான் இருக்கு. நீங்க பேசினா அவருக்குக் கேக்கும். ஓவர்."

என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் நாக்கில் வரவில்லை.

"அண்ணே... முட்டி வலி இப்ப எப்படி இருக்கு? படி ஏறி இறங்க முடியுதா? ஓவர்."

விரலை எடுத்தாள். கணவரும் மெக்கானிக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"அம்மா," என்றது அந்தக் குரல், மென்று முழுங்கி. "கதவைச் சாத்திட்டாரு. ஓவர்."