மீதிப் படங்கள்

கோபி கல்யாணத்தின் படங்களில் ‘மீதி’ என்று பெயரிட்டிருந்த ஃபோல்டரை பானுப்ரியா மூன்றாவது தடவையாகத் திறந்தாள். மூன்றாவது தடவையும் அது காலியாகத்தான் இருந்தது. முதுகுக்குப் பின்னால், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் தையல்நாயகி உட்கார்ந்திருந்தாள். பிரம்மதேசத்திலிருந்து காலை பஸ்ஸில் திண்டிவனம் வந்திறங்கி, ஸ்டுடியோ திறக்கும்வரை வாசலிலேயே நின்றவள். புருஷன் பச்சைமுத்து செத்துப் பதிமூன்று நாள் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் கருமாதியில் படம் திறக்க வேண்டும். ஆதார் கார்டில் இருக்கிற முகத்தைப் பெரிசாக்கினால் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி வருகிறது என்று மகன் சொல்லிவிட்டானாம்.

“எங்க ஊரு கோபி கல்யாணத்துல மேடையேறி நின்னோம் பாப்பா, நானும் அவரும். குடம் குடுத்தோம். அவரு பல்லு தெரிய சிரிச்சிக்கினு நின்னாரு. அந்தப் படம் இங்கதான இருக்கும்?”

“இருங்கம்மா, பாக்கறேன்” என்றாள் பானுப்ரியா. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

கல்யாணத்துக்கு இரண்டாயிரம் படம் எடுப்பார்கள். அதில் முந்நூறைப் பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் உட்கார்ந்து பொறுக்கி ஆல்பம் போடச் சொல்லும். தாலி கட்டுவது, தாய்மாமன் மாலை, கட்சிக்காரர் கை கூப்புவது, கார் வைத்திருக்கிற சித்தப்பா இவையெல்லாம் ஆல்பத்துக்குப் போகும். குடத்தையும் குக்கரையும் கொடுத்துவிட்டு, கேமராவைப் பார் என்றதும் விறைத்து நின்று இறங்கிப் போன பக்கத்து நிலத்துக்காரர்கள், களை எடுக்கிறவர்கள், பால்காரர் ஆகியோரெல்லாம் மீதிக்குப் போவார்கள். வெள்ளத்தில் கடைக்குள் தண்ணீர் புகுந்து ஹார்ட் டிஸ்க்குகள் நாசமான வருஷம், முதலாளி வேங்கடேசன் எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றச் சொன்னார். அன்றிலிருந்து அது பானுப்ரியாவின் ராஜ்ஜியம்.

அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம். கிளவுட் கம்பெனியிடமிருந்து வாராவாரம் ‘புதிய வசதிகள்’ என்று ஒரு மெயில் வரும். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. புதிதாக ஒரு பட்டன் வந்தால் அதை அமுக்கிப் பார்த்தாக வேண்டும். பாலிடெக்னிக்கில் கூடப் படித்தவர்கள் சென்னையில் ஏசிக்குள் உட்கார்ந்து எதையெதையோ செய்துகொண்டிருக்க, தான் மட்டும் இங்கே மணப்பெண்களின் முகப்பருவை அழித்துக்கொண்டிருக்கிறோமே என்கிற அரிப்புதான் காரணம். போன தையில் அப்படி வந்த வசதி இது: ஒரு வருஷம் தாண்டிய கோப்புகள் தாமாகவே அழிந்துபோகும்படி விதி போட்டுவிடலாம். இவள் அதை முதலாளிக்குப் பெருமையாக விளக்கினாள். “குப்பைய எதுக்குக் கட்டி அழுதுக்கினு? போட்டுடு” என்றார் அவர். ஆல்பங்களைத் தொடவில்லை, அதில் அவள் ஜாக்கிரதை. ‘மீதி’யை மட்டும் காட்டி டிக் செய்தாள். அழிந்தால் திரும்ப வராது, சம்மதமா என்று கேட்டதற்கும் சம்மதம் என்றாள். அதற்கப்புறம் மறந்தும் போனாள். கம்ப்யூட்டர் மறக்கவில்லை. கோபி கல்யாணத்தின் மீதி அழிந்து இன்றோடு நாற்பத்தொரு நாள். பச்சைமுத்து அப்போது உயிரோடு வயலில் நின்றிருப்பார்.

எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், திரும்ப வந்து உட்கார்ந்தாள். அழிந்ததை மீட்கிற வசதி ஏதாவது வந்திருக்குமா என்று பழைய மெயில்களைப் புரட்டினாள். வந்திருந்தது. ஆனால் அதை முன்கூட்டியே போட்டு வைத்திருக்க வேண்டுமாம். எத்தனையோ பட்டனை அமுக்கிய கை, அந்த வாரம், ஆடியில் கல்யாணமில்லாத சோம்பலில், மெயிலையே திறக்கவில்லை.

வேங்கடேசன் பக்கத்தில் வந்து குனிந்தார். “சர்வர் டவுன்னு சொல்லி அனுப்பிடு. நாலு நாள் போனா அவங்களே ஆதார் படத்த வெச்சி முடிச்சிக்குவாங்க. எதுக்கு பேஜாரு?”

அவர் சொன்னது சுலபமாகத்தான் இருந்தது. நாற்காலியைத் திருப்பினாள். தையல்நாயகி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படம் வரப்போகிறது என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து சர்வர் என்ற வார்த்தையைச் சொல்ல பானுப்ரியாவுக்கு வெட்கமாக இருந்தது.

“அந்தப் படம் இல்லம்மா. அழிஞ்சிடுச்சி. நான்தான் அழிக்கச் சொல்லி வெச்சிருந்தேன்.”

“யாருகிட்ட சொன்ன?”

“கம்ப்யூட்டர் கிட்ட.”

“நீ சொன்னியேன்னு அது கேட்டுக்கினுச்சா?”

கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. தெரியாததைக் கேட்கிற குரலில்தான் கேட்டாள். பானுப்ரியாவுக்குக் கண் கரித்தது. திரும்பி, கோபியின் ஆல்பத்தைத் திறந்து, முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளத் தொடங்கினாள். கட்சிக்காரருக்குப் பின்னால், சித்தப்பாவின் தோளுக்கு மேலே, எங்காவது ஒரு முகம் தப்பியிருக்காதா என்று தேடினாள். வேங்கடேசன் தலையிலடித்துக்கொண்டு வெளியே போனார். நூறு தாண்டியது, இருநூறு தாண்டியது.

“அங்க நிறுத்து” என்றாள் தையல்நாயகி.

பந்திப் படம். மாப்பிள்ளையின் அப்பா பாயசம் பரிமாறுகிறார் என்பதற்காக ஆல்பத்தில் சேர்ந்தது. அவருக்குப் பின்னால், வரிசையின் கோடியில், இலை முன்னால் பச்சைமுத்து. சிரிக்கவில்லை. கேமராவையும் பார்க்கவில்லை. சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, கழுத்தை எட்டி இடது பக்கம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேற பக்கம் பாக்கறாரேம்மா” என்றாள் பானுப்ரியா.

“என்னைத்தான் பாக்கறாரு. நான் எதிர் பந்தியில ஒக்காந்திருந்தேன். அப்பளம் வெக்காம போயிட்டாங்க எனக்கு. வெச்சாங்களான்னு பாக்கறாரு.” சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு நெருங்கி உட்கார்ந்தாள். “இதையே போடு பாப்பா.”

பானுப்ரியா படத்தை வலது பக்கம் நகர்த்தினாள். எதிர் பந்தி படத்துக்குள் வரவில்லை. இடது ஓரத்தில் ஒரு இலையின் நுனியும், அதன்மேல் ஒரு பெண் கையின் மூன்று விரல்களும் மட்டும் இருந்தன. சட்டம் போடுவதற்குப் பச்சைமுத்துவின் முகத்தைச் சுற்றிக் கட்டம் இழுத்தாள். விரல்கள் கட்டத்துக்கு வெளியே நின்றன. கட்டத்தைப் பெரிசாக்கினாள், பாயசவாளி உள்ளே வந்தது, மாப்பிள்ளையின் அப்பா வந்தார், விரல்களும் வந்தன, பச்சைமுத்து கடுகாகிப் போனார். திரும்பவும் சின்னதாக்கினாள். பக்கத்தில் தையல்நாயகியின் கை, படத்தில் இருந்த அதே விரல்களோடு, மேசைமேல் கிடந்தது.