ஜன்னலில் முப்பத்து நான்கு பாட்டில்கள்

அக்கா எனக்கு மூன்று மாதம் தவணை கொடுத்திருந்தாள். அதில் இரண்டரை மாதம் கழிந்திருந்த ஒரு புதன்கிழமையிலிருந்து தொடங்குவதுதான் சரி என்று நினைக்கிறேன். ஆனால் எதற்குத் தவணை என்று முதலில் சொல்லாவிட்டால் யாருக்கும் விளங்காது.

அக்காவையும் மாமாவையும் நம்பித்தான் இந்த நாட்டுக்கு வந்தேன். மாமா பஸ் ஓட்டுகிறார். அக்கா வீட்டுக்குக் கீழேயே மளிகைக் கடை வைத்திருக்கிறாள். நான் பகலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறேன். புதனும் வெள்ளியும் மாலையில் இந்த ஊர் மொழி கற்க வகுப்புக்குப் போகிறேன். தினமும் பத்து வரி டைரி எழுதும்படி டீச்சர் சொன்னதிலிருந்து எதையும் தேதி போட்டு எழுதும் பழக்கம் தொற்றிக்கொண்டது.

எதிரே பெரிய சூப்பர் மார்க்கெட் வந்ததும் அக்கா கடையின் பழைய முகங்கள் ஒவ்வொன்றாகச் சாலையைத் தாண்டிப் போயின. அவர்களிடம் இல்லாத ஏதாவது ஒன்று நம்மிடம் இருக்க வேண்டும் என்று அக்கா ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். பீர் விற்க லைசென்ஸ் வந்த அன்று நான் வாயைத் திறந்தேன். அவர்கள் எல்லா ஊரிலும் கிடைக்கும் நாலே நாலு பீர்தான் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் நல்ல பீர், சின்ன ஆலைகள் தங்கள் கைப்பக்குவத்தில் காய்ச்சும் கிராஃப்ட் பீர் எதுவும் அங்கே இல்லை. அதைத் தேடி நானே ஊர் முழுக்க அலைகிறேன், என்னைப்போல் இன்னும் பலர் அலைவார்கள் என்றேன்.

கடையின் பின்மூலையில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் சும்மா கிடந்தது. ஒரு குளிர்பானக் கம்பெனி அந்த இடத்தில் தன் ஃப்ரிட்ஜை வைக்க ஏற்கெனவே கேட்டிருந்தது. அக்கா யோசித்தாள். யார் கேட்டாலும் தைரியமாக எடுத்துக் கொடுக்கக்கூடிய ஆறு பீரை மூன்று மாதத்துக்குள் நான் கண்டுபிடித்தால் மூலை எனக்கு, இல்லையென்றால் கம்பெனிக்கு என்றாள்.

மாமா சிரித்தார். கிடார், நீச்சல், கேக் என்று நான் தொடங்கிப் பாதியில் விட்டதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வீட்டில் எனக்கு ஆரம்பசூரன் என்று பெயர். இதையாவது முடிக்க வேண்டும் என்று அந்த வாரமே ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். எண், பெயர், பாட்டில் நிறம், வாங்கிய கடை, ஜன்னல் நாள், வாசனை, சுவை, பத்துக்கு எத்தனை மார்க். எட்டுக் கட்டங்கள்.

விடுமுறை நாளெல்லாம் அலைந்தேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் படி இறங்கிப் போகும் ஒரு கடையில் பதினொரு நாடுகளின் பீர் இருந்தது. ஒரு சைக்கிள் ரிப்பேர்க்காரர் தன் தம்பி காய்ச்சிய பீரை டின்னில் அடைத்து டயர்களுக்கு நடுவில் விற்றார். ஒவ்வொரு கண்டுபிடிப்பையும் புதையலைப்போல் இரண்டு கையாலும் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எல்லாவற்றுக்கும் ஒரே நியாயம் வேண்டும் என்பதால் எதையும் உடனே திறக்கவில்லை. ஒவ்வொன்றையும் என் அறை ஜன்னலில் சரியாக ஏழு நாள் வைத்து, எட்டாம் நாள் குளிரவைத்துக் குடித்தேன்.

இரண்டரை மாதத்தில் பாட்டிலும் டின்னுமாக முப்பத்து நாலு. அதிகபட்ச மார்க் நாலு.

முதலில் பீர் மேல் சந்தேகப்பட்டேன். பிறகு கடைக்காரர்கள் மேல். கடைசியில், வழக்கம்போல், என் மேல். ஊரெல்லாம் கொண்டாடும் பீர் எனக்கு மட்டும் கருகிய ரப்பர்போல் வாசம் அடிக்கிறது என்றால் கோளாறு என் நாக்கில்தான் இருக்க வேண்டும். பல் டாக்டரிடம் போய் நாக்கை நீட்டிக் காட்டினேன். அவர் நன்றாகத் துலக்கச் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை அக்காவிடம் தோல்வியை ஒப்புக்கொள்வது என்று முடிவெடுத்தேன்.

அதற்கு முன்னால் வந்ததுதான் அந்தப் புதன்கிழமை. தனக்குத் தெரிந்த ஒன்றைப் பக்கத்தில் இருப்பவருக்கு விளக்க வேண்டும் என்று டீச்சர் இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிட்டார். எனக்கு வாய்த்தவள் பின் பெஞ்சுக்காரி. வகுப்பில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தமிழ் தெரியும். ஆனால் அவள் வேலை முடித்துத் தாமதமாக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிடுவதால் அதுவரை பேசியதில்லை. எனக்குத் தெரிந்தது இந்த நோட்டு ஒன்றுதான். அதையே நீட்டினேன். அவள் ஊருக்கு வெளியே ஒரு சின்ன பீர் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை செய்பவள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

முதல் பக்கத்திலேயே விரலை வைத்தாள். "நோட்டுக்காரரே, இந்த ஜன்னல் நாள்னா என்ன?"

விளக்கினேன். என் அறை ஜன்னல்தான் வீட்டிலேயே அதிகம் வெயில் வருவது. அக்காவின் எலுமிச்சை ஊறுகாய் ஜாடிகள் அங்கேதான் வரிசையாக நிற்கும். முதல் வாரம் நான் பாட்டில்களோடு நின்றதைப் பார்த்த அக்கா, அவற்றையும் ஜாடிகளுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள்.

பின் பெஞ்சுக்காரி நோட்டை மூடி, அதன் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"பீருக்கா வெயில் காட்டினீங்க?"

"கெடாம இருக்கணும்னா வெயில் காட்டணும்னு அக்கா சொன்னாங்க."

"அது ஊறுகாய்க்குங்க."

பிறகு அவள் சிரிக்காமல் சொன்னாள். பீருக்குக் கசப்பும் மணமும் கொடுப்பது ஹாப்ஸ் என்ற ஒரு பூ. வெளிச்சம் பட்டால் அந்தக் கசப்பு கெட்டு நாற்றமாகிவிடும். அதற்கு ஏழு நாள்கூட வேண்டாம், ஒரு மதியம் போதும். பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் வெளிச்சத்தை உள்ளே விடும். பழுப்பு பாட்டில் பெரும்பாலும் தடுக்கும். டின்னுக்குள் வெளிச்சமே போகாது. ஜன்னல் சூடு மட்டும் கொஞ்சம் கெடுக்கும்.

பகல் முழுக்க வெயிலைத் தடுக்கும் பழுப்புக் கண்ணாடியைத் தேய்ப்பவன் நான். இதை அவள் கேட்காமலேயே சொல்லித் தொலைத்தேன். மறுபடியும் நெற்றி நோட்டில் விழுந்தது.

நிமிர்ந்தபோது அவள் நோட்டை வேறு மாதிரி புரட்டினாள், நிறத்தை மட்டும் பார்த்தபடி. பச்சை பாட்டில் ஒன்பது; ஒன்பதிலும் கருகிய ரப்பர், பூண்டு, அல்லது டயர் கடை என்று எழுதியிருந்தேன். பழுப்பில் ஈர அட்டை. நாலு மார்க் வாங்கிய அத்தனையும் டின். ஒன்றுகூட இடம் மாறவில்லை.

"எங்க லேபில இப்படி ஒரு மூக்கு கிடையாது. உங்க மூக்கு சரியாத்தான் எழுதியிருக்கு, ஜன்னல்தான் தப்பு."

என் வாழ்க்கையில் நான் செய்த எதையும் யாரும் சரி என்று சொல்லி அதுவரை கேட்டதில்லை. அன்று பஸ்ஸில் என் நிறுத்தத்தில் இறங்காமல் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய், நடந்து திரும்பினேன்.

ஆனால் அக்காவிடம் சொல்ல வேண்டுமே. முப்பத்து நாலு பீரையும் கெடுத்தது அவளுடைய யோசனை என்று எந்த வாயால் சொல்வது? சாப்பிடும்போது சுற்றிவளைத்துத்தான் சொன்னேன். மாமாவுக்குப் புரை ஏறியது.

"ஊறுகாய்க்குச் சொன்னத பீருக்குப் பண்ணிட்டு என்னையே குத்தம் சொல்றியாடா?"

"நீதான்க்கா பக்கத்துல வைக்கச் சொன்ன."

"இடம் இருந்துச்சு, சொன்னேன்."

"விடு மாப்ள," என்றார் மாமா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உங்க அக்கா என்னையும் இருபது வருஷமா வெயில்லதான் வச்சிருக்கா. நான் கெட்டா போயிட்டேன்?"

அக்கா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைத் தேவையில்லாத வேகத்தில் போட்டாள். ஆனால் தவணையை நீட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஒன்றாம் தேதி கம்பெனி ஏஜென்ட் வருவார். பதினைந்து நாள்.

முப்பத்து நாலையும் மறுபடி வாங்க நேரமில்லை. பின் பெஞ்சுக்காரி பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். கடையில் விளக்குக்குக் கீழே நிற்கும் பாட்டிலை எடுக்காதீர்கள், உள்ளே பிரிக்காத பெட்டியிலிருந்து கேட்டு வாங்குங்கள் என்றாள். வகுப்பில் கற்ற மொழியில் அதைக் கேட்க மூன்று நாள் ஒத்திகை பார்த்தேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த கடைக்காரர் என்னைப் புது மரியாதையோடு பார்த்துவிட்டு உள்ளே போனார். வாங்கியதையெல்லாம் அலமாரியில், என் சட்டைகளுக்குப் பின்னால், கம்பளி போர்த்தி வைத்தேன்.

மாமாவுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். பின் பெஞ்சுக்காரியும் வந்திருந்தாள். அக்கா குடிக்கமாட்டாள், ஆனால் பக்கத்து வீட்டில் பால் பொங்கினால் இங்கிருந்தே சொல்லிவிடும் மூக்கு அவளுடையது. முகர மட்டும் செய்வேன் என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

முதலில் ஏழாம் எண்ணைத் திறந்தேன். பச்சை பாட்டில், கப்பலில் வந்தது. நோட்டில் 'டயர் கடை, மார்க் ஒன்று' என்று இருந்தது. நுரை மெதுவாக ஏறிக் கிளாஸின் விளிம்பில் நின்றது. முகர்ந்தேன். அப்போதுதான் வெட்டிய புல். எலுமிச்சைத் தோல். குடித்தபோது கசப்பு நாக்கின் ஓரங்களில் ஓடி, போன இடம் தெரியாமல் போய், மறுபடி வா என்று கூப்பிட்டது. பின் பெஞ்சுக்காரி என் முகத்தைப் பார்த்தே நோட்டை எடுத்து ஒன்றை அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினாள்.

அக்கா கிளாஸை வாங்கி நீண்ட நேரம் முகர்ந்தாள். "கொத்தமல்லி விதை வறுக்காம இடிச்சா வர்ற வாசன இருக்குடா, அடியில."

பின் பெஞ்சுக்காரி அவளை உற்றுப் பார்த்தாள். அந்த ஆலைக்காரர்கள் கொஞ்சம் கொத்தமல்லி விதை போடுவது உண்மைதானாம்.

அதற்குப் பிறகு அக்காவை யாராலும் பிடிக்க முடியவில்லை. வறுத்த காபிக்கொட்டை, அன்னாசித் தோல், ரொட்டி சுட்ட அடுப்பு என்று அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சைக்கிள் ரிப்பேர்க்காரரின் டின் எட்டு மார்க் வாங்கியது. மாமா எல்லாவற்றையும் நன்றாக இருக்கிறது என்றே சொன்னதால் அவருடைய ஓட்டு செல்லாது என்று தீர்ப்பானது. பொழுது சாய்வதற்குள் ஆறும் கிடைத்தன. உபரியாக ஒன்று.

ஒன்றாம் தேதி காலை கடை திறப்பதற்கு முன் மூலையில் அடுக்கி முடித்தேன். வெளிச்சம் எட்டாத மூலை என்பதால் அது இதற்கென்றே பிறந்ததுபோல் இருந்தது. ஒவ்வொரு பீருக்கும் கீழே ஓர் அட்டை. அதில் அக்காவின் மூக்கு சொன்னதை இந்த ஊர் மொழியில் எழுதியிருந்தேன். டீச்சர் திருத்திக் கொடுத்தார்; திருத்தியதற்குக் கூலியாக இரண்டு பாட்டில் எடுத்து வைக்கச் சொன்னார்.

கம்பெனி ஏஜென்ட் பத்து மணிக்கு அளவு நாடாவோடு வந்தார். அக்கா மூலையைக் காட்டி மன்னிப்புக் கேட்டாள். அவர் நாடாவை இழுத்தபடியே அட்டைகளைப் படிக்க ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நாடா தானாகச் சுருண்டு பைக்குள் போனது. ஏழாம் எண் பாட்டில் இரண்டை எடுத்துக்கொண்டு, தன் மனைவி இதைத் தேடிப் பல மாதமாகிறது என்றார்.

அக்கா அவற்றைத் தாளில் சுற்றி, அதற்கு மேல் இன்னொரு தாளும் சுற்றினாள். பிறகு அவர் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, இதற்கு எக்காரணம் கொண்டும் வெயில் காட்டக் கூடாது, இதுகூடத் தெரியாமல் சிலபேர் ஜன்னலில் வைக்கிறார்கள் என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

வேலைக்குக் கிளம்பி நின்ற மாமா என்னைப் பார்த்தார். நான் அட்டைகளை நேராக்கிக்கொண்டிருந்தேன்.