திறக்கத் தெரிந்த கை

மதிய உணவு மணி அடித்ததும் ஆசிரியர் அறை காலியானது. மூலையில் இருந்த இரும்பு பீரோவின் முன்னால் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் வளைத்த கம்பி. அவள் அம்மா கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர் செய்பவள். அதனால் பள்ளியில் எல்லோருக்கும் இவள் ‘சாவி’.

பீரோவுக்குள் நாளைய கணக்குத் தேர்வின் வினாத்தாள். வாசலில் காவலுக்கு நின்றவர்கள் தோழிகள் இருவர். எதற்கும் முன்னால் நிற்கும் ‘கேப்டன்’ ஒருத்தி. கேப்டன் தும்மினால் தானும் தும்மும் ‘நெட்டை’ இன்னொருத்தி.

“சீக்கிரம்டி! உங்கம்மாவுக்கு இதெல்லாம் ரெண்டு நிமிஷ வேலைதானே?” என்றாள் கேப்டன்.

“பயமா இருக்குடி.”

“அப்போ எழுந்து போ. நாளையிலேருந்து எங்க பக்கமே வராத.”

இவர்கள் சேர்த்துக்கொள்ளும்வரை சாவி தனியாகச் சாப்பிட்டவள், தனியாக வீட்டுக்கு நடந்தவள். மறுபடியும் அதுவா? பதினாலு வயதில் அதைவிடப் பெரிய தண்டனை ஏது? கம்பியை உள்ளே விட்டாள்.

பாழாய்ப்போன கை, தொழிலை நன்றாகவே கற்று வைத்திருந்தது. பூட்டின் நாக்கு லேசாக அசைந்தது. இன்னும் ஒரு திருப்புதான். அப்போதுதான் அம்மாவின் நினைப்பு வந்தது. பூட்டு உடையாமல் பீரோ திறந்திருந்தால், யார் வீட்டுக் கைவேலை என்று கேட்கவே வேண்டாம். தெருவே அம்மாவை நம்பித்தான் வீட்டுச் சாவியைக் கொடுக்கிறது, அதேபோல இன்னொன்று செய்து தரச் சொல்லி. இனி யார் கொடுப்பார்கள்?

“திறக்க முடியலையா?” என்றாள் நெட்டை.

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நட்பும் தங்கியிருக்கும். நாளைக்கு இன்னொரு பூட்டைக் காட்டுவார்கள், அவ்வளவுதான். சாவி கம்பியை உருவிக்கொண்டு எழுந்தாள்.

“முடியும். ஆனா திறக்க மாட்டேன்.”

“பெரிய யோக்கிய சிகாமணி! நீ வாடி, நாம போகலாம்” என்று நெட்டையைக் கூப்பிட்டுக்கொண்டே கேப்டன் விறுவிறுவென்று நடந்தாள்.

நெட்டை நகரவில்லை. “எனக்கும் ஆரம்பத்துலேருந்தே இஷ்டமில்லடி. நீங்க ரெண்டு பேரும் சரின்னுட்டீங்களேன்னு பேசாம இருந்தேன்.”

சாவிக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? நானும் உங்க ரெண்டு பேருக்கும் பயந்துதானே வந்தேன்!” என்றவள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “போறவ போகட்டும்டி. ஒரு தடவை முடியாதுன்னு சொன்னதுக்கே அறுந்துபோனா, அது நட்பே இல்ல. அவளுக்கு வேண்டியது என் கைதான், நான் இல்ல.”