கிளிக் என்ற ஒலிக்குப் பிறகு

காலைக் காபி கொதித்து அடங்கும் முன்பே ஓஸ்மோ அந்த அட்டைப் பெட்டியை மேசைமேல் வைத்தான். ரை தானிய ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் நடுவே அது வந்து உட்கார்ந்ததும் வேட்டைக் குடிசையில் பேச்சு நின்றது. அது சைமியின் பெட்டி. சென்ற இலையுதிர்காலத்தில் அவளிடமிருந்து வேட்டைக் குழுவின் தலைவன் என்ற முறையில் ஓஸ்மோ வாங்கி வைத்துக்கொண்ட தோட்டாப் பெட்டி.

"இதோ பாரு சைமி, உன்னக் கவுத்துச்சுன்னு நீ சொன்ன தோட்டா. போன வாரம் சுட்டுப் பழகற திடல்ல மூணு சுட்டேன். மூணும் ஒரே ஓட்டைல போச்சு. இன்னிக்கு இதத்தான் எடுத்துட்டுப் போறேன்."

"மூணு நல்லா இருந்தா மிச்சமும் நல்லா இருக்குமா?"

"ஃபேக்டரில செஞ்சதும்மா. உன் வீட்டு அடுப்புல சுட்ட ரொட்டியா, ஒண்ணு வேகும், ஒண்ணு கருகும்னு சொல்றதுக்கு?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நாயின் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்த கிழவர் யால்மாரி மட்டும் சிரிக்கவில்லை. "அவ ரொட்டி கருகி நான் பாத்ததில்ல. உன் பேச்சுதான் தெனமும் கருகுது" என்று சொல்லி, தொத்திறைச்சித் துண்டு ஒன்றை நாயிடம் நீட்டினார். இப்போது சிரிப்பு ஓஸ்மோவின் பக்கம் திரும்பியது. அவன் பொருட்படுத்தாமல் தோட்டாக்களை எண்ணாமலே அள்ளிப் பையில் போட்டுக்கொண்டான்.

"கிளிக்குன்னு மட்டும் கேட்டா துப்பாக்கியக் கீழ எறக்காத. அப்படியே பிடிச்சிக்கிட்டு நில்லு. சத்தம் கம்மியா வந்தா அடுத்தத ஏத்தாத" என்றாள் சைமி.

"சரி டீச்சர்" என்றான் ஓஸ்மோ.

சைமி ஆசிரியை அல்லள். பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். பனி உறைந்து கண்ணாடியாகக் கிடக்கும் சாலையில், தங்கள் பிள்ளைகளையெல்லாம் அந்தக் கைகளை நம்பி அனுப்பியவர்கள்தாம் அங்கே அமர்ந்திருந்தவர்கள். ஆனால் ஒரு தோட்டா தாமதித்தது என்று அவள் சொன்னபோது அதே கைகளை நம்ப மறுத்தார்கள். ஞாயிறுதோறும் தேவாலயம் வெறுமையாகக் கிடக்கும் ஊர் அது. தெய்வம் தவறலாம் என்று பேசத் துணிந்தவர்கள், பித்தளைத் தோட்டாவின் பிட்டத்தில் பொறித்திருக்கும் தொழிற்சாலை முத்திரை தவறலாம் என்று பேசத் துணியவில்லை. உலோகமும் ஒரு பெண்ணும் எதிரெதிரே சாட்சி சொன்னபோது, ஊர் உலோகத்தை நம்பியது.

நடந்தது இதுதான். சென்ற ஆண்டு, இதே சதுப்பின் விளிம்பில், ஒரு மூஸ் மான் அவள் முன்னே வந்து பக்கவாட்டில் நின்றது. அவள் குறி வைத்தாள், விசையை அழுத்தினாள், கிளிக் என்றது. அவ்வளவுதான். தோட்டா செத்துவிட்டது என்று அவள் உடம்பு முடிவு செய்தது, தோள் தளர்ந்தது, குழல் ஒரு விரற்கடை தாழ்ந்தது. அப்போது வெடித்தது. நெஞ்சுக்குப் போகவேண்டிய குண்டு வயிற்றில் பாய்ந்தது. யால்மாரியின் நாய் இரத்தத் துளிகளைத் தொடர்ந்து போய், மறுநாள் மாலையில் ஒரு தேவதாரு மரத்தடியில் அதைக் கண்டுபிடித்தது. இறைச்சி கெட்டிருந்தது. மானின் கண் திறந்திருந்தது. "கை நடுங்கியிருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்றான் ஓஸ்மோ. அந்த ஆண்டு பங்கு பிரித்தபோது சைமியின் பெயர் சொல்லப்படவில்லை.

இறைச்சியின் மேல் அவளுக்கு ஆசை இல்லை. ஆசையெல்லாம் சொல்லின் மேல். 'அவள் சொன்னது உண்மை' என்று எவராவது ஒருவர், ஒருமுறை, அவள் காதில் விழும்படி சொல்லவேண்டும். அது நடக்காததால், ஓராண்டாக அவள் அந்த இடைவெளிக்குள்ளேயே குடியிருந்தாள். அந்தக் கிளிக் ஒலிக்கும் வெடிச் சத்தத்துக்கும் நடுவே அவளுக்கென்று ஒரு நாடு உண்டாகியிருந்தது. அங்கே காற்று அசைவதில்லை. மான் நின்றுகொண்டே இருக்கும். அதன் மூச்சு வெண்புகையாக எழுந்து கரையாமல் தொங்கும். பேருந்தின் கதவை அடைக்கும்போது, ரொட்டியை அடுப்பிலிருந்து எடுக்கும்போது, அவள் அந்த நாட்டுக்குள் போய்த் திரும்பி வருவாள். சில நாட்களில் அவளுக்கே ஐயம் வந்தது. உண்மையிலேயே தாமதித்ததா? அல்லது தன் நடுக்கத்துக்கு ஒரு நாட்டையே கட்டிக்கொண்டாளா? ஊர் ஒருவரை நம்பாவிட்டால், நாளடைவில் அவரும் ஊரோடு சேர்ந்து தம்மையே நம்பாமல் போகிறார். ஒரு மனிதருக்கு இதைவிடக் கொடிய அநீதியை எந்த நீதிமன்றமும் இழைத்ததில்லை.

இன்று அவள் நிற்குமிடத்துக்கும் ஓஸ்மோ நிற்குமிடத்துக்கும் நடுவே கூப்பிடு தூரம்தான். மூடுபனி சதுப்பின்மேல் பாலாடையாகப் படிந்திருந்தது. கருகிய கோரைப்புல், அழுகிய இலை, ஈரக் கம்பளி ஆகியவற்றின் மணம் கலந்து வந்தது. பனி விலகும்போதெல்லாம் ஓஸ்மோவின் செம்மஞ்சள் மேலாடை சாம்பலுக்குள் கிடக்கும் தணலைப் போலத் தெரிந்தது, மூடும்போது அணைந்தது. எங்கோ தொலைவில் நாய் குரைத்தது. பிறகு குரைப்பு நெருங்கியது. பிறகு நின்றது. அந்த அமைதியில் மரங்களே நடந்து வருவதுபோல ஒரு பெரிய கிடா பனிக்குள்ளிருந்து வெளிப்பட்டு, ஓஸ்மோவுக்கு முன்னே நின்றது. அதன் கொம்புகளில் ஈரம் சொட்டியது. அவசரம் எதுவும் அதற்கு இல்லை. உலகம் தோன்றிய நாள்முதல் அங்கேயே நின்றிருந்த பாவனையில் அது தலையை உயர்த்தியது.

ஓஸ்மோ சுட்டான்.

இடி வரவில்லை. புட்டியின் தக்கை கழன்றதுபோல 'டுப்' என்று ஓர் ஒலி. மான் காதை மட்டும் திருப்பிற்று. குழல்முனையில் ஒரு நூல் புகை.

சைமிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வெடிமருந்து சரியாக எரியவில்லை; குண்டு வெளியே வரவில்லை; அது குழலுக்குள் பாதிவழியில் சிக்கி நிற்கிறது. அதன் பின்னால் இன்னொரு தோட்டாவை வெடித்தால், குழல் பிளந்து முகத்தில் பாயும். ஆனால் அந்தக் காட்டில் எல்லோர் கைகளுக்கும் ஒரே சட்டம்தான் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது: மான் விழும்வரை சுடு. காயப்பட்ட உயிரை வதைபட விடாதே, உடனே அடுத்ததை ஏற்று, சுடு. இரக்கத்தில் பிறந்த சட்டம் அது. இரக்கத்தில் பிறந்த சட்டமும் சிந்திக்காத கையில் கொலைக்கருவி ஆகும். ஓஸ்மோவின் கை சிந்திக்கவில்லை. தோட்டாவை ஏற்றும் போல்ட் பின்னே போயிற்று, முன்னே வந்தது. வெறும் பித்தளை ஒன்று பாசியில் விழுந்ததை அவள் கண்டாள்.

மீண்டும் அந்த நாடு திறந்தது. காற்று நின்றது. மூச்சுப்புகை தொங்கியது. 'சுடாதே' என்று கூவலாம், அவன் கேட்கமாட்டான். ஓராண்டாக அவன் கேளாத சொல், ஒரு நொடியில் அவன் காதில் ஏறுமா? அவள் சொல்லை அவன் நம்பமாட்டான். மான் நம்பும்.

சைமி மானைப் பார்த்துக் கத்தினாள். சொல்லில்லாத ஒரு கூச்சல். சாலையில் குறுக்கே ஓடிய பிள்ளையைக் கண்டு ஒருமுறை அவள் தொண்டையிலிருந்து எழுந்த கூச்சல். தொப்பியைக் கழற்றி வீசினாள். கைகளை விரித்துக்கொண்டு சதுப்புக்குள் இறங்கி ஓடினாள். கிடா ஒரே திரும்பலில் பனியைக் கிழித்துக்கொண்டு மறைந்தது. ஓஸ்மோவின் குழல் வெற்றிடத்தைத் தேடி, தேடி, தாழ்ந்தது.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?" அவன் அலறல் பனியில் மோதித் திரும்பியது. "என் ஆயுசுல இப்படி ஒரு கிடா வந்ததில்ல! உன்னால எடுக்க முடியலன்னா அடுத்தவனும் எடுக்கக் கூடாதா? இன்னியோட முடிஞ்சுது. இனிமே இந்தக் கூட்டத்துல உனக்கு எடமே இல்ல, கேட்டுக்கோ!"

முழங்கால்வரை நனைந்து அவள் அவனருகே வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"சரி. போயிடறேன். மொதல்ல குழலுக்குள்ள பாரு."

அவளை முறைத்துக்கொண்டே அவன் தோட்டாவை வெளியே எடுத்தான், போல்ட்டை உருவினான், துப்பாக்கியைத் தூக்கி, குழலின் வழியே வானத்தைப் பார்த்தான். மறுமுனையில் காசளவு வெளிச்சம் தெரியவேண்டும். அவன் பார்த்தான். பிறகு வானத்தின் மேல்தான் பிழை என்பதுபோல வேறு திசைக்குத் திரும்பி, மீண்டும் பார்த்தான். பிறகு துப்பாக்கியை மடியில் கிடத்தி, ஒரு வெட்டுமரத்தின் அடிக்கட்டைமேல் மெல்ல உட்கார்ந்தான். அவன் விரல் இன்னும் விசையின் வடிவத்திலேயே வளைந்திருந்தது.

"அடுத்த தோட்டாவுக்கு வெரல் வெச்சுட்டேன், சைமி."

"தெரியும்."

பனி அவர்களைச் சுற்றி மூடியது. யால்மாரியின் நாய் எங்கிருந்தோ வந்து, இருவரையும் முகர்ந்துவிட்டுப் படுத்தது. ஓஸ்மோ நிமிராமலே கேட்டான்:

"போன வருஷம்... அது எவ்வளவு நேரம் ஆச்சு? கிளிக்குக்கும் வெடிக்கும் நடுவுல?"

இதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி.

"கண்ண மூடித் தொறக்கற நேரம். ஆனா நான் இன்னும் அதுக்குள்ளதான் இருக்கேன்."

பிற்பகலில் குடிசையில் யால்மாரி பித்தளைக் கம்பியைக் குழலுக்குள் விட்டுத் தட்டினார். குண்டு மேசையில் விழுந்து, உருண்டு, ரொட்டித் துண்டில் முட்டி நின்றது. ஒருவரும் அதைத் தொடவில்லை. "ஃபேக்டரி ரொட்டியும் கருகும்போல இருக்கு" என்றார் யால்மாரி. ஒருவரும் சிரிக்கவில்லை. ஓஸ்மோ அந்த அட்டைப் பெட்டியை எடுத்து, இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாதவனாகச் சற்றுநேரம் நின்றான்.

முந்தின வாரம் வீழ்த்திய மான் கன்றின் இறைச்சி நீண்ட பலகைமேல் குவியல் குவியலாக வைக்கப்பட்டிருந்தது. பங்கு பிரிப்பதில் அந்தக் குழுவுக்கு ஒரு முறை உண்டு: ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார், இன்னொருவர் ஒரு குவியலைத் தொட்டு 'இது யாருக்கு?' என்பார், நிற்பவர் பாராமல் ஒரு பெயரைச் சொல்வார், அதுவே முடிவு. மறுப்பு கிடையாது. சுவரைப் பார்த்து நிற்பவர் எப்போதும் ஓஸ்மோதான். சென்ற ஆண்டு சைமியின் பெயரைச் சொல்லாமல் விட்டதும் அந்த முதுகுதான்.

இன்றும் அவன் சுவர்ப்பக்கம் நடந்தான். பாதி வழியில் நின்றான். பின்வாங்கி, பலகையோரம் வந்து நின்றுகொண்டான்.

"நீ போய் நில்லு, சைமி" என்றான்.

அவள் மேலாடையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சுவருக்கு எதிரே போய் நின்றாள். ஈரக் காலுறைகள் தரையில் தடம் பதித்தன. பைன் பலகையின் கணுக்கள் கண்களைப் போல அவளைப் பார்த்தன. ஒரு கணுவில் பொத்தல் விழுந்து, அதன் வழியே மாலை வானம் காசளவு வெளிச்சமாகத் தெரிந்தது.

முதுகுக்குப் பின்னால் ஓஸ்மோவின் குரல் கேட்டது. "இது யாருக்கு?"

சைமி வாய் திறந்தாள். ஒலி இன்னும் வரவில்லை. அத்தனை பேரும் மூச்சை அடக்கி, அசையாமல் காத்து நின்றார்கள்.