வெளுத்துப்போன தம்ளர்

பாங் குரு எங்கள் சோப்புத் தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில் கையை நீட்டிய அன்றே அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளங்கையிலிருந்து உயிர்ச்சக்தி பாய்கிறதாம். அது ரசாயனத்தையும் மாற்றுமாம், நோயையும் கரைக்குமாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில் எங்கள் வூஹானில் பூங்காவுக்குப் பூங்கா இப்படி ஒரு குரு இருந்தார். எக்கேடு கெட்டும் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் முன்வரிசையில் கண்மூடி உட்கார்ந்திருந்தவள் என் தங்கை யுன்பிங். அவள் மார்பில் கட்டி. செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை. குருவே கரைத்துவிடுவார், கத்தி வேண்டாம் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தாள்.

குரு தன் சக்தியைக் காட்டும் சோதனைக்கு மருந்து கொண்டுவரச் சொன்னது என்னைத்தான். சோப்பில் காரம் மிஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. காரத் தண்ணீரில் பினாப்தலீன் சொட்டு விட்டால் இளஞ்சிவப்பாகும். நானே கலக்கினேன், நானே காவலும் நின்றேன்.

"சட்டைக் கையை மடிச்சு விடுங்க, குருவே. மோதிரத்தையும் கழட்டுங்க."

"நகத்தையும் பாத்துடும்மா, குறை எதுக்கு?" என்றார் குரு. கூட்டம் சிரித்தது. நகத்தையும் பார்த்தேன்.

அவர் தம்ளரைச் சுழற்றியபடி அதன்மேல் குனிந்து, உள்ளங்கையைக் கவிழ்த்து, "ஹா... ஹா..." என்று நெடுமூச்சு விட்டார். கொஞ்ச நேரத்தில் சிவப்பு வெளுத்து வெறும் தண்ணீராகிவிட்டது. யுன்பிங் தேம்பித் தேம்பி அழுதாள்.

வீட்டில் நூடுல்ஸில் எள் விழுதைப் பிசையும்போதும் அந்தத் தம்ளர்தான் கண்ணில் நின்றது. கை சுத்தம். மருந்து என்னுடையது. மிச்சம் என்ன? மூச்சு!

சோதனைக்குக் கலக்கியதில் மீதமாகிப் புட்டியில் கொண்டுவந்திருந்த சிவப்புத் தண்ணீரைத் தம்ளரில் ஊற்றி, யுன்பிங்கை எதிரே உட்காரவைத்து, உறிஞ்சுகுழலால் ஊதினேன். நிறம் போயே போய்விட்டது.

"பாத்தியா? மூச்சுல இருக்கிற கரியமில வாயு காரத்தை அடிச்சிடும். கழுதை ஊதினாலும் வெளுக்கும்!"

அவள் தம்ளரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அக்கா... உனக்கும் சக்தி இருக்கு! குருவுக்குக் கை வேணும். நீ கையக்கூட நீட்டலியே!"

ஓங்கி அறையலாம் போலிருந்தது. அப்போது செவ்வாய்க்கிழமை நினைவுக்கு வந்தது.

"ஆமா, இருக்கு," என்றேன். சொல்லும்போதே கூசியது. "ஆனா என் சக்தி கத்தியோட சேர்ந்தாத்தான் வேலை செய்யும். ஆஸ்பத்திரிக்கு வா. வெளியில நின்னு அனுப்பறேன்."

வந்தாள். கட்டியை எடுத்துவிட்டார்கள். நல்ல வேளை, தாமதிக்காமல் வந்தீர்கள் என்றார் டாக்டர். நான் வராந்தாவில் நகம் கடித்ததைத் தவிர வேறெதையும் அனுப்பவில்லை.

அவளை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, மாடிப்படியில் மேல்வீட்டு கே அக்கா தண்ணீர்த் தம்ளரோடு நின்றிருந்தாள்.

"யுன்பிங் எல்லாம் சொன்னா. எங்க வீட்டுக்காரருக்கும் வயித்துல கட்டி. இதுல கொஞ்சம் ஊதிக் குடும்மா."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. கத்தி இல்லாம என் சக்தி..."

"பாங் குருகிட்ட கேட்டுட்டோம். உன் சக்தி அவரோடதைவிடப் பெருசாம், கத்தியே வேண்டாமாம். ஆஸ்பத்திரியில வரலைன்னு சொல்லியாச்சு."

"எனக்குச் சக்தியும் இல்ல, மண்ணும் இல்ல! பொய் சொன்னேன், கே அக்கா! சத்தியமாப் பொய்!"

கே அக்கா யுன்பிங்கைப் பார்த்தாள். இருவரும் புன்னகைத்தார்கள்.

"நிஜமான குருவெல்லாம் இப்படித்தான் சொல்லுவாங்களாம்," என்று தம்ளரை இரண்டு கையாலும் நீட்டினாள்.