நங்கூரம் போட்ட துணைமின் நிலையம்

மருந்துக்கடைக்காரர் பாய்மரப் படகு வாங்கியபோது, ஐம்பது வயதில் மனிதருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் தெருவில் பேசிக்கொண்டார்கள். அவர் மறுக்கவில்லை. மனைவி ஆசைப்பட்டு வாங்கியது என்று விளக்கப் போனால், அதற்கும் ஒரு வைத்தியம் சொல்லியிருப்பார்கள்.

மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். இருபத்தைந்து வருடமாக மணிச் சத்தத்தில் எழுந்து, மணிச் சத்தத்தில் நின்று, மணிச் சத்தத்தில் சாப்பிட்டவள். மணியே அடிக்காத ஓர் இடத்தில், தண்ணீரின் மேல், ஒரே ஒரு காலை கண்விழிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதிகமில்லை. ஆனால் அந்த ஒரு காலைக்கு முன்னால் ஓர் இரவு இருந்தது. சிக்கல் அங்கேதான்.

மருந்துக்கடைக்காரர் விடும் குறட்டை சாதாரணக் குறட்டை அல்ல. நடுவில் மூச்சே நின்றுவிடும் ரகம். டாக்டர் ஒரு மூச்சு மெஷினை எழுதிக்கொடுத்து, "இது இல்லாம ஒரு ராத்திரிகூடத் தூங்காதீங்க" என்று சொல்லிவிட்டார். மூக்கில் மாட்டிக்கொண்டால் இரவு முழுக்கக் காற்றை ஊதிக்கொடுக்கும். மெஷினுக்கு மின்சாரம் வேண்டும். படகில் இருந்ததோ ஒரு விளக்கை எரிக்கவே யோசிக்கும் கிழட்டு பேட்டரி. ஆகவே இருவரும் காலையில் படகுக்குப் போய் மாலையில் வீடு திரும்பினார்கள், ஏதோ ஆபீஸ் போய்வருவதைப் போல. மழைக்காலத்துக்குள் வழி பிறக்காவிட்டால் படகை விற்றுவிடுவது என்று முடிவாகியிருந்தது. அதை வாங்கக் காத்திருந்த கேக் கடைக்காரர் ஒருவர் ஒவ்வொரு ஞாயிறும் கரைக்கு வந்து, அடுத்த வீட்டுக் குழந்தையைத் தூக்கக் கேட்பவர்போல் படகைப் பார்த்துவிட்டுப் போனார்.

இந்த நேரத்தில்தான் டீச்சரின் அண்ணன் உதவிக்கு வந்தார். மின்வாரியத்தில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். பதவி ஓய்வு பெற்றதே தவிர அவர் பெறவில்லை. குடும்பத்தில் அவருக்குப் பெயர் மெகாவாட். அவர் இல்லாதபோது மட்டும்.

"மாப்ள, முதல்ல லோடு எடுக்கணும்" என்றார், உட்காருவதற்கு முன்பே. "படகுல மொத்தம் எத்தனை பாயிண்ட்?"

"ஒரு லைட்டு, மச்சான். அப்புறம் என் மெஷின்."

"இப்போதைக்கு. நாளைக்கு?"

"நாளைக்கும் அதேதான், அண்ணே" என்றாள் தங்கை.

"இப்படிச் சொன்ன ஊரையெல்லாம் நான் இருட்டுல பாத்திருக்கேன்."

ஒரு தாளில் அவர் எழுத ஆரம்பித்தார். மெஷின், ஃபேன், ஃப்ரிட்ஜ், கெட்டில், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி.

"படகுல யாருண்ணே இஸ்திரி போடப்போறாங்க?"

"கரையில இறங்கும்போது உன் புருஷன் கசங்கின சட்டையோட இறங்கணுமா? குடும்ப கௌரவம்னு ஒண்ணு இருக்கும்மா."

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் எவ்வளவு என்று கூட்டினார். ஆயுள் முழுக்கத் துணைமின் நிலையங்களுக்குக் கணக்குப் போட்ட கை. அது வேறு மாதிரிக் கூட்டத் தெரியாத கை. எதிர்கால வளர்ச்சிக்கென்று மேலே கால் பங்கு சேர்த்தார். மூன்று பேர் நிமிர்ந்து நின்றால் நாலாவது ஆள் தண்ணீரில் நிற்கவேண்டிய அந்தப் படகு எந்தப் பக்கம் வளரும் என்று யாரும் கேட்கவில்லை. விடை ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர். நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி அவரே கொண்டுவந்தும் சேர்த்தார்.

ஞாயிறு பகலில் சோதனை ஓட்டம். கரையை ஒட்டிய அமைதியான வளைவில், ஏழெட்டுப் படகுகள் நங்கூரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளையும் மச்சானுமாக முக்கி முனகி ஜெனரேட்டரைப் பின்பக்கம் ஏற்றினார்கள். பின்பக்கம் அமுங்கியது, முன்பக்கம் எழும்பியது. மெகாவாட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுபோல் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது.

மெகாவாட் ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தார். வளைவு முழுக்க ஒரு நெல் அரைக்கும் மில் வந்து இறங்கியது. பறவைகள் கிளம்பின. எதிர்ப் படகிலிருந்து ஒரு தாடிக்காரர் துடுப்புப் போட்டு வந்தார்.

"இத எப்ப நிறுத்துவீங்க?"

"காலையில" என்றார் மெகாவாட், பெருமையாக.

தாடிக்காரர் தலையாட்டிவிட்டுத் திரும்பிப்போனார். சற்று நேரத்தில் அவர் நங்கூரம் மேலே வந்தது. பிறகு அடுத்த படகின் நங்கூரம். பிறகு அதற்கடுத்தது. கல்யாண வீட்டில் ஒருவர் செருப்பைத் தேடினால் எல்லோரும் தேடுவதுபோல, ஒவ்வொன்றாக வளைவே காலியானது.

"பாத்தீங்களா மாப்ள? இப்ப தாராளமா இடம் கிடைச்சிருச்சு."

அப்போது காற்று திரும்பி, புகை நேராகக் கேபினுக்குள் நுழைந்தது. டீச்சர் இருமிக்கொண்டே வெளியே வந்து ஜெனரேட்டரை அணைத்தாள். மூச்சு மெஷினை ஓட்டுவதற்காக மூச்சையே நிறுத்தும் ஏற்பாடு.

"என்னங்க, இதுக்கு உங்க குறட்டையே தேவலாம். அது சத்தம் மட்டும்தான் போடும்."

"பேக்கப் இல்லாம..." என்று அண்ணன் ஆரம்பித்தார்.

"அண்ணே, எனக்கு ஊருக்கெல்லாம் கரண்ட் வேணாம். இவரு ஒருத்தரு விடியுற வரைக்கும் மூச்சு விட்டாப் போதும். கணக்க அங்கேருந்து போடுங்க."

அவளே போட்டாள். ஃப்ரிட்ஜை அடித்தாள், ஐஸ் பெட்டி போதும். கெட்டிலை அடித்தாள், கேஸ் அடுப்பு இருக்கிறது. இஸ்திரிப் பெட்டியை இரண்டு முறை அடித்தாள். மிஞ்சியது மெஷின் மட்டும்.

எலக்ட்ரிக் கடையில் கைப்பிடி வைத்த பேட்டரிப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்கின் சித்தப்பா, பெரியப்பா, தாத்தா என்று மூன்று தலைமுறை. தாத்தாவைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். சித்தப்பாவை ஒரு கையில் தூக்கலாம். வீட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னதால் சித்தப்பாவை எடுத்துவந்தார்கள்.

விடிவதற்கு வெகுநேரம் முன்பே சித்தப்பா கண்ணை மூடிவிட்டார். மிச்ச ராத்திரிக்கு மெஷினை வீட்டுக் கரண்டில் சொருகினார்கள், தூக்கம்தான் திரும்பி வரவில்லை. மறுநாள் இருவரும் வீங்கிய முகத்தோடு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"கேக் கடைக்காரர்கிட்ட சொல்லிரலாமா?" என்றார் அவர், மெல்ல.

அவள் மெஷினைக் கழுவ எடுத்தாள். அதன் அடியில் தண்ணீர் ஊற்றும் சின்னத் தொட்டி இன்னும் இளஞ்சூடாக இருந்தது.

"இது எதுக்குங்க சுடுது?"

"காத்து வறண்டு போகாம இருக்க. தண்ணியச் சூடாக்கி, ஈரமாக்கி அனுப்பும்."

"ராத்திரி பூராவுமா?"

"பூராவும்."

"இங்க ஏசி ரூம், சரி. கடல் நடுவுல போய் காத்துக்கு எதுக்குங்க நாம ஈரம் சப்ளை பண்றோம்? உப்புகூட உருகித் தண்ணியாப் போற இடம்!"

மருந்துக்கடைக்காரர் மெஷினை ஒரு முறை பார்த்தார், மனைவியை ஒரு முறை பார்த்தார். மாதம் நாலு பேருக்கு அதே மெஷினை விளக்கி விற்கிற மனிதர். டாக்டருக்குப் போன் போட்டார். மூக்கு வறளாவிட்டால் சூட்டை அணைத்துவிட்டு ஓட்டலாம், தப்பில்லை என்றார் டாக்டர். அன்றிரவு சூடு இல்லாமல் ஓட்டினார்கள். காலையில் பெட்டியில் பாதிக்கு மேல் மிச்சம்.

செய்தி கேட்டு மெகாவாட் நேரில் வந்தார். பெட்டியைச் சுற்றிவந்தார், தட்டிப் பார்த்தார். டிபன் கேரியர் அளவுள்ள ஒன்று தன் கணக்கைத் தோற்கடித்ததை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

"தரையில வெக்காதீங்க. தண்ணி தெறிக்கும். மேல பலகையில வெச்சுக் கட்டுங்க" என்றார் கடைசியில்.

அது நல்ல யோசனை. அப்படியே செய்தார்கள். அவர் நடையில் பழைய மிடுக்கு கொஞ்சம் திரும்பியது.

சனிக்கிழமை மாலை வளைவில் நங்கூரம் போட்டார்கள். தாடிக்காரர் தன் படகிலிருந்து இவர்கள் படகின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்து, ஜெனரேட்டர் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கையசைத்தார்.

மருந்துக்கடைக்காரர் கண்விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது. மெஷின் மெல்ல ஊதிக்கொண்டிருந்தது. மனைவி பக்கத்தில் இல்லை. மேலே, பாய்க் கம்பத்தில் சாய்ந்து கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எழுந்து எவ்வளவு நேரம் ஆனது என்று அவளுக்கே தெரியவில்லை.

"நடுவுல முழிச்சியா?"

"ஒரு தடவை. குறட்டைச் சத்தமே இல்லியேன்னு பயந்து, நெஞ்சுல கை வெச்சுப் பாத்தேன். மூச்சு வந்துச்சு. படுத்துட்டேன்."

"பாதிக்கு மேல சார்ஜ் இருக்கு."

"பாத்தேன்."

காற்று லேசாகத் திசை மாறியது. படகு சோம்பல் முறிப்பதுபோல் மெதுவாகத் திரும்பியது.

"நங்கூரக் கயித்த இன்னும் கொஞ்சம் விடுங்க" என்றாள். "மத்தியானத்துக்கு மேல காத்து கூடும்போல."

"மத்தியானம் கிளம்பிருவோமே?"

"யாரு சொன்னா? நாளைக்கும் ஸ்கூல் லீவு."

துப்பட்டாவை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு அங்கேயே படுத்தாள். அவர் முன்பக்கம் போய்க் கயிற்றைத் தளர்த்தி, இரு கையையும் விரித்து அளந்து ஒரு பாகம் விட்டார். யோசித்துவிட்டு, இன்னொரு பாகமும் விட்டார்.