பிச்சமுத்து ‘ஃபுல்’ சொல்லாத காலை

சத்திரம் பஸ் நிலையத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர் பிச்சமுத்து. பிறந்ததும் அவர் அழவில்லை, ‘ஃபுல்’ என்றுதான் சொன்னார் என்று அவருடைய அத்தை சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்வார். அத்தை பொய் சொல்லாதவர். காதுதான் கேட்காது.

பஸ்ஸில் கூட்டமென்றால் ஃபுல். காலியாக வந்தால் ‘ஃபுல்லா காலி’. டீயில் சர்க்கரை ஃபுல், சட்டைக்குக் கை ஃபுல், காய்ச்சல் விட்டால் ‘ஃபுல்லா தேவலாம்’. மகள் யமுனாவைப் பெண் பார்க்கத் துறையூரிலிருந்து வந்தவர்களிடமும் “எங்களுக்கு ஃபுல் சம்மதம்” என்றார். ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

ஆடிப்பெருக்கு அன்று காலை டீக்கடையில் டிரைவர் அப்துல் சலாம் சீண்டினார்.

“மாப்ளே, அந்த ஒரு வார்த்தையப் புடுங்கிட்டா உனக்குத் தமிழே கெடையாது.”

“நீங்க மட்டும் டீசல் போடறப்ப என்ன சொல்றீங்களாம் பாய்?”

“சரி, பந்தயம். மதியம் ஷிப்ட் மாத்தற வரைக்கும் ரெண்டு பேருமே சொல்லக் கூடாது. நீ சொன்னா ஒத்தப் பக்க மீசைய எடுத்துடணும்.”

“நீங்க சொன்னா?”

“கல்யாணத்துக்கு மறுநா கறிவிருந்துக்கு பிரியாணி என் செலவு.”

பிச்சமுத்துவின் மீசை சாமானியப்பட்டதல்ல. மழைக்கு அதனடியில் சிட்டுக்குருவிகள் ஒதுங்கியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். துறையூர் சம்பந்தி, பெண்ணைப் பார்ப்பதற்கு முன் மீசையைப் பார்த்து எழுந்து நின்று கும்பிட்டவர். மணமேடையில் அது ஒற்றையாக நின்றால் மனுஷன் என்ன நினைப்பார்? இருக்கிற சில வாரத்தில் முளைப்பதற்குப் பெயர் மீசையா, அழுக்கு. ஆனால் டீக்கடையே பார்த்துக்கொண்டிருந்தது. பிச்சமுத்து கையடித்துவிட்டார்.

அம்மா மண்டபப் படித்துறைக்குப் போகிற ஜனம் தாம்பாளமும் முளைப்பாரியுமாகச் சத்திரத்திலேயே பஸ்ஸை அடைத்துவிட்டது. அதற்கு மேலும் ஒருவர் ஓடி வந்தார்.

“இடம் இருக்குங்களா?”

பழக்கத்தில் உதடு குவிந்துவிட்டது. வார்த்தை வெளியே வருமுன் பிச்சமுத்து விசிலை வாயில் செருகிக்கொண்டார். காற்று விசிலாகப் போயிற்று. கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்க வேண்டும் என்பது சட்டம். சலாம் சட்டத்தை மதிப்பவர், நிறுத்தினார். நின்றதும் இன்னும் பத்துப் பேர் ஏறினார்கள். அவர்களைப் பார்த்ததும் மறுபடி உதடு குவிந்தது. மறுபடி விசில். மறுபடி வண்டி நின்றது.

சிந்தாமணி ஸ்டாப் வருவதற்குள் பஸ்ஸுக்குள் காற்றுக்கே நிற்க இடமில்லை. மூக்கைச் சொறிய நினைத்த ஒருவர் பக்கத்து ஆளின் மூக்கைச் சொறிந்தார். அந்த ஆளும் அரித்துக்கொண்டுதான் இருந்ததென்று நன்றி சொன்னார்.

கண்ணாடியில் பார்த்துச் சிரித்த சலாம், முன் சீட்டுக்காரர்களிடம் பந்தயத்தைப் போட்டு உடைத்தார். செய்தி பின் படிக்கட்டு வரை போய்விட்டது. அவ்வளவுதான், ஆளாளுக்குத் தூண்டில் போட ஆரம்பித்தார்கள்.

“கண்டக்டரே, பஸ்ஸு எப்படி இருக்கு?”

“பொங்கி வழியுதுங்க.”

“மெஸ்ஸுல அளவுச் சாப்பாடு வேணாம்னா என்னன்னு கேப்பீங்க?”

“எலையப் போட்டுட்டு ஓடிப் போயிடுங்கன்னு சொல்வேன்.”

ஸ்ரீரங்கத்து மாமி ஒருவர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாகக் கேட்டார்: “ஏன் கண்டக்டர், பௌர்ணமியை இங்கிலீஷ்ல என்னம்பா?”

பிச்சமுத்துவுக்கு வியர்த்தது. “எனக்கு அமாவாசை மட்டும்தான் தெரியும் மாமி.”

பஸ் கைதட்டியது. தட்டக் கையை உருவ முடியாதவர்கள் காலைத் தட்டினார்கள்.

அப்போதுதான் வண்டி காவிரிப் பாலத்தில் ஏறியது. சில வருஷங்களில் ஆடிப்பெருக்கு அன்று மணல்தான் ஓடும். இன்று நுங்கும் நுரையுமாக, பாலத்தின் கால்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு காவிரி போய்க்கொண்டிருந்தாள். படித்துறைகளில் பெண்கள் விட்ட பூவெல்லாம் மிதந்தது. பஸ் மொத்தமும் ஜன்னல் பக்கம் சாய்ந்தது. பிச்சமுத்து தொண்டை வரை வந்த வார்த்தையை விடாமல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கண் மட்டும் கலங்கியது.

வண்டி மெதுவாயிற்று. டிரைவர் சீட்டிலிருந்து ஒரு குரல், தன்னை மறந்து:

“யா அல்லாஹ்… கரைக்குக் கரை ஃபுல்லா போவுதுய்யா.”

பஸ் போட்ட கூச்சலில் மலைக்கோட்டைப் புறாக்கள் பறந்து சமயபுரம் போய் உட்கார்ந்தன. பிச்சமுத்து மீசையைத் தடவிப் பார்த்தார். இரண்டு பக்கமும் இருந்தது. அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து, அம்மா மண்டபம் வரும் வரை ‘ஃபுல்லு, ஃபுல்லு’ என்று சொல்லிக்கொண்டே வந்தார். யாரும் தடுக்கவில்லை.

இறங்கும்போது ஒவ்வொருவராக டிரைவர் பக்கம் எட்டிப் பார்த்தார்கள்.

“பாய், ஆவணியில என்னைக்குங்க பிரியாணி?”

“எங்க வீட்டுல ஆறு பேருங்க பாய்.”

“மாப்ளே, பந்தயம் உன்னோடதான்யா, பஸ்ஸோட இல்ல,” என்று சலாம் முனகினார்.

“சாட்சிக்காரங்களை விட்டுட்டுச் சாப்பிட்டா செரிக்குமா பாய்?”

கடைசியாக மாமி கூடையோடு வந்து நின்றார்.

“மாமி, நீங்களுமா?”

“பந்தயம்னா பந்தயம். எனக்குத் தயிர்சாதம் மட்டும் தனியா வெச்சுடுங்கோ.”

சலாம் கியரைப் போட்டார். அது ரிவர்ஸ்.